வரிக்கு ஒரு மா

முதலியார்பேட்டை ப. சுடர்விழி வென்றவற்றைச் சொல்வதென்றால் பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்த் தேர்வு அன்று காவலுக்கு வந்த ஆசிரியை, "நீ பிரெஞ்சு எழுதுற பொண்ணுதானே, பக்கத்து ரூமுக்குப் போ" என்று அவளை எழுப்பிவிட்டார். போகமாட்டேன் என்று உட்கார்ந்து எழுதி, அந்தப் பள்ளியிலேயே தமிழில் முதல் மதிப்பெண் வாங்கினாள். அடுத்தது கல்லூரிக் கவிதைப் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசுக்குத் தகுதியான கவிதை எதுவும் வரவில்லை என்று சொல்லிவிட்டதால் அந்த வருடம் அவளுக்கு மேலே யாரும் இல்லை. பிறகு ரெட்டியார்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை வேலை. நேர்முகத்தில் தாளாளர் பாதி நேரம் அவளிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார். அப்புறம், பெரிய மார்க்கெட்டில் வெளியூர்க்காரர் விலை கொடுக்காமல் உள்ளூர் விலைக்கே வஞ்சிரம் வாங்கியது. இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் அந்த மார்க்கெட்டில் மீன் வாங்கிப் பார்க்காதவர்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஒரே ஓர் எழுத்து. அதை வெல்லத்தான் அவளுக்கு அதிக காலம் பிடித்தது.

அவளுடைய முகம்தான் இத்தனைக்கும் காரணம். அம்மா ஜெயம் பிறந்தது வியட்நாமில், சைகோனில். அம்மாவைப் பெற்றவர் வில்லியனூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அந்தச் சீமைக்குப் போனவர். புதுச்சேரியில் இப்படிப் போய் வந்தவர்களை 'சொல்தா' என்பார்கள். அங்கே ஒரு வியட்நாம் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாட்டை விட்டுக் கிளம்பியபோது இவரும் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். அந்தப் பெண் கரையிலேயே நின்றுவிட்டாள். ஏன் வரவில்லை என்று அவர் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. பிரான்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய காலத்தில் எழுதிக் கொடுக்கவும் இல்லை. அதனால் ஜெயம் முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி பக்கிரியைக் கட்டிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டு, மற்றவர்களைப் போலவே இரண்டு பெண்களைப் பெற்றாள்.

மூத்தவள் செல்வாம்பாள் அப்பாவை உரித்து வைத்தவள். நல்ல கறுப்பு, பெரிய கண். இளையவள் சுடர்விழி அம்மாவின் முகம். சப்பை மூக்கு, சிறுத்த கண், மஞ்சள் கலந்த நிறம். இரண்டு பேரும் சேர்ந்து நேரு வீதிக்குப் போனால் கடைக்காரர் மூத்தவளைப் பார்த்து "வாம்மா, என்னம்மா வேணும்" என்பார். இளையவளைப் பார்த்து "யெஸ் மேடம்" என்பார். நேபாளமா, மணிப்பூரா என்று கேட்டவர்களும் உண்டு. "நான் முதலியார்பேட்டைங்க" என்று சொன்னால், "அது இல்லம்மே, சொந்த ஊரு?" என்று விடாமல் கேட்பார்கள்.

அவளுடைய பெயர் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பக்கிரி மில் சங்கத்தில் சேர்ந்து நல்ல தமிழ்ப் பெயர்மேல் பித்துப் பிடித்திருந்த நேரம் அவள் பிறந்தாள். சுடர்விழி என்று வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வரும். 'அரைவிழி' என்பது அவளுக்கு இரண்டாம் வகுப்பில் வந்து சேர்ந்த பட்டம்.

ஜெயம் வீட்டிலேயே நெம் செய்து ஆர்டருக்குக் கொடுத்துவந்தாள். கறியும் சேமியாவும் கலந்து, அரிசித்தாளில் விரல் மொத்தத்துக்குச் சுருட்டி, எண்ணெயில் பொரித்து எடுக்கிற பலகாரம். கல்யாணம், ஞானஸ்நானம் எது வந்தாலும் புதுச்சேரியில் அதற்கு ஆர்டர் வரும். சுருட்டுகிற வேலை பெண்கள் இருவருக்கும். வேலை அலுக்காமல் இருக்க அம்மா ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். அவளுக்கு மறக்காமல் மிஞ்சிய வியட்நாம் பேச்சு கொஞ்சந்தான். அதில் 'மா' என்கிற ஒரு சொல்லை ஐந்து விதமாகச் சொல்லுவாள். குரலை நேராக நீட்டினால் பேய். மேலே தூக்கினால் அம்மா. கீழே இறக்கினால் 'ஆனால்' என்று பொருள். கீழே போய் வளைந்து எழுந்தால் கல்லறை. குதிரைக்கும் அதே ஓசைதான். சட்டென்று அழுத்தி நறுக்கினால் நெல் நாற்று. வடக்கே இருப்பவர்களுக்கு ஆறு என்பார்களாம். சைகோனில் பிறந்தவளுக்கு ஐந்துதான். அம்மா சொல்லச் சொல்ல எது என்று கண்டுபிடிக்க வேண்டும். செல்வாம்பாளின் காதுக்கு ஐந்தும் ஒன்றாகவே கேட்டது. அவள் குத்துமதிப்பாக 'பேய்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். சுடர்விழி ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

கல்லூரியில் இரண்டாம் பரிசு வாங்கிய அன்றுதான் அது நடந்தது. பெயரை அறிவித்தவர் மேடைக்கு வந்தவளைப் பார்த்துவிட்டு, மைக்கை மூடாமலே, "சுடர்விழி... முழிச்சிட்டுத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. கவிதையைப் படிக்காமலே பரிசை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு அவள் எந்த மேடையிலும் ஏறவில்லை. எழுதுவதை மட்டும் விடவில்லை. பத்திரிகைகளுக்கு 'மருதன்' என்ற பெயரில் அனுப்பத் தொடங்கினாள். மருதன் என்றால் ஓர் ஆண், வயல்காட்டுக்காரன், மூக்கும் கண்ணும் ஊரில் எல்லோருக்கும் இருப்பதுபோல் இருக்கும் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதுதான் அவளுக்கும் வேண்டியிருந்தது. பத்து வருடத்தில் மருதனுக்கு நல்ல பெயர். பள்ளியில் சம்பளப் பதிவேட்டில் 'ப.சு.' என்று கிறுக்குவதோடு சுடர்விழியின் கையெழுத்து முடிந்துவிட்டது.

புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் இளஞ்செழியன் என்பவர் 'உப்பளக் காற்று' என்று ஒரு காலாண்டு இதழ் நடத்தினார். மருதனுக்கு அவர் பெரிய ரசிகர். 2006 கடைசியில், ஊர்ப்பெயரைப் பாண்டிச்சேரி என்பதிலிருந்து புதுச்சேரி என்று மாற்றி எல்லாப் பலகைகளையும் அழித்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், சுடர்விழி அவருக்கு ஒரு கவிதை அனுப்பினாள். பெயர் 'மா'. அவள் அதுவரை எழுதியவற்றில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடியவை நிறைய இருந்தன. இதை வேறு ஒருவர் எழுதியிருக்க முடியாது.

நாற்றங்காலில் நிற்பது
மா
நட்ட நிலத்தை அளப்பது
மா
கப்பல் புறப்பட்டபோது கரையில் நின்றவள்
மா
கப்பல் போன பின்னும் கரையில் நிற்பது
மா
இரண்டு ஊரிலும் ஒரே பெயரில் ஓடுவது
மா
என்னைக் கண்டதும் கடைக்காரர் சொல்லாமல் விடுவது
மா

முதல் மா அம்மாவின் மொழியில் நாற்று. இரண்டாவது, நம் ஊரில் நிலம் அளக்கும் மா. பிறகு தாய், பேய். குதிரைக்குத் தமிழிலும் மா என்று பெயர் உண்டு. அகராதியில் அதைப் பார்த்த அன்று அவள் வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தாள். கடைசி மா எது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி இதழ் வந்தது. கவிதையும் வந்திருந்தது. ஒரு மா கூட இல்லை.

நாற்றங்காலில் நிற்பது, நட்ட நிலத்தை அளப்பது, கப்பல் புறப்பட்டபோது கரையில் நின்றவள் என்று வரிகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. தலைப்பும் 'கரை' என்று மாறியிருந்தது. சுடர்விழி இதழை மூடி வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். பிறகு அதில் போட்டிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். மருதனுடைய தங்கை பேசுகிறேன் என்று சொன்னாள்.

இளஞ்செழியன் குரலில் அப்படி ஒரு மரியாதை. "சார் நல்லா இருக்காரா? அவர்கிட்ட சொல்லுங்க, தட்டச்சுல ஏதோ கோளாறு போல, வரிக்கு வரி மா, மா-ன்னு விழுந்திருந்துச்சு. நான் கவனமா எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"அது கோளாறு இல்லீங்க. அதுதான் கவிதை."

பிறகு அந்தப் பக்கமிருந்து வந்தது மன்னிப்பு அல்ல, பாராட்டு. மா இல்லாமல் இருப்பதுதான் நன்றாக இருக்கிறது என்றார். ஒவ்வொரு வரியும் முடியாமல் தொங்குகிறதாம். படித்த பத்துப் பேர் போன் பண்ணிச் சொன்னார்களாம். புதுச்சேரிக் கவிஞர்களின் தொகுப்பு ஒன்றைப் புத்தகமாகக் கொண்டுவருவதாகவும், மருதன் கவிதைகளில் இதைத்தான் அதில் சேர்த்திருப்பதாகவும் சொன்னார். இதழ் நாலு மாதத்தில் பழைய பேப்பர் கடைக்குப் போகும், புத்தகம் நிற்கும் என்றார். சாருக்கு ஆட்சேபணை இருந்தால் மார்ச் மாதக் கூட்டத்துக்கு வந்து கவிதையைப் படித்துக் காட்டட்டும்; கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். மறுநாள் புத்தகம் அச்சுக்குப் போகிறது. வரவில்லை என்றால் இப்படியே போகும்.

போனை வைத்த பிறகுதான் சுடர்விழிக்கு விஷயம் உறைத்தது. கடிதம் எழுதி விளக்கலாம் என்று உட்கார்ந்தாள். எப்படி எழுதினாலும் காகிதத்தில் மா ஒன்றாகத்தான் இருந்தது. மேலே போகிற மாவும் கீழே போகிற மாவும் தமிழ் எழுத்தில் ஒன்றேதான். பத்து வருடமாகத் தபாலில் போய்க்கொண்டிருந்த கவிதைகள் எதற்கும் அவள் வாய் தேவைப்படவில்லை. இதற்குத் தேவைப்பட்டது. வாயைக் கொண்டுபோனால் முகமும் கூடவே போகும்.

அம்மாவுக்குப் பயம். "நாலு பேர் முன்னாடி நின்னு ஏன் கேலிப்படணும்? அவங்க போட்டதே போட்டும். பேரு உம்பேரு இல்லியே" என்றாள். பேரைப் பற்றிப் பேச்சு வந்ததும் கட்டிலில் படுத்திருந்த பக்கிரி எழுந்து உட்கார்ந்துகொண்டார். மில்லை விட்டு நின்ற பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை.

"அவ பேருக்கு என்னா கொற?" என்றார். "நான் கண்ணு பெருசா சிறுசான்னு அளந்து பாத்து வெக்கல. மத்த புள்ளைங்க எல்லாம் பொறந்ததும் கண்ண மூடிக்கினு அழுவும். இது ஆஸ்பத்திரி லைட்டயே பாத்துக்கினு கெடந்துச்சு. அதனால வெச்சேன்."

முப்பது வயதுக்கு இந்தக் கதை இப்போதுதான் அவள் காதுக்கு வருகிறது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லையே என்று படுத்துக்கொண்டார்.

செல்வாம்பாள் எட்டாவதோடு பள்ளியை விட்டுத் தையலுக்கு வந்தவள். கவிதையைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்தும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷினை மூடிவிட்டு, நானும் வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டாள்.

கூட்டம் உப்பளத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். பெஞ்சுகளில் முப்பது பேருக்கு மேல் இருக்கும். வாசலில் இளஞ்செழியன் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றார். செல்வாம்பாளுக்கு வணக்கம் சொன்னார். சுடர்விழியிடம், "யெஸ் மேடம்? ஸ்போக்கன் இங்கிலீஷ் கீழ் மாடி" என்றார்.

"நான்தாங்க மருதன்" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார். பிறகு செல்வாம்பாளைப் பார்த்தார். அவள், "என் தங்கச்சிதாங்க, பேனா புடிக்கிற கை அதுதான்" என்றாள்.

சுடர்விழியை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் புலவர் கிருஷ்ணசாமி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; வெண்பா தவிர மற்றதெல்லாம் உரைநடை என்று சொல்லுகிறவர். அந்தப் பக்கம் செம்மல் என்கிற இளைஞர். கவிதைக்கு வடிவம் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. மாதாமாதம் இந்த இரண்டு பேருக்கும் நடக்கிற சண்டையைப் பார்க்கத்தான் பாதிப்பேர் வருவார்கள். இளஞ்செழியன் மாவோடு வந்த முதல் படியைச் சுற்றுக்கு விட்டார்; அம்மாவின் வியட்நாம் மாவைப் பற்றிச் சுடர்விழி இரண்டு வார்த்தை சொன்னாள். அன்று இரண்டு பேருமே தங்கள் சண்டையை விட்டுவிட்டு இவளிடம் வந்தார்கள். புலவர் இது என்ன பா என்று கேட்டார். செம்மல் இந்த மாவெல்லாம் வேண்டாத ஜோடனை என்றார். அவளுடைய முகமே ஒரு கவிதை, வியட்நாம் போரை எழுதலாம், இனத்தின் வலியை எழுதலாம், அதை விட்டுவிட்டு ஓசை விளையாட்டு எதற்கு என்று கேட்டார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

"எனக்கு வியட்நாம் தெரியாதுங்க, போனது இல்ல" என்றாள் சுடர்விழி. "எங்க அம்மா வாயில இருக்கிற அஞ்சு மா மட்டுந்தான் தெரியும். அதை எடுத்துட்டா என்கிட்ட மிச்சம் முகம் மட்டும்தான்."

பிறகு எழுந்து நின்று படித்தாள். முதல் வரிக்குப் பிறகு மாவை அழுத்தி நறுக்கியபோது பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தினாள். பழைய மண்டபம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். செல்வாம்பாள் திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தாள். சுடர்விழி மறுபடி முதல் வரியிலிருந்தே ஆரம்பித்தாள். இந்தத் தடவை தாளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மாவுக்கு முன்பும் கொஞ்சம் இடம் விட்டாள். கரையில் நின்றவளுக்குக் குரல் மேலே ஏறியது. கப்பல் போன பின்னும் நிற்பதற்கு, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நேராக, மூச்சு தீருகிற வரைக்கும் நீண்டது. இருபது வருடமாக ஐந்தும் ஒன்று என்று நினைத்திருந்த செல்வாம்பாளுக்கு அப்போதுதான் தாய்க்கும் பேய்க்கும் உள்ள வித்தியாசம் காதில் விழுந்தது. கடைக்காரர் வரிக்கு வந்ததும் அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். ஓசை வரவில்லை. அந்த மாவைச் சபையில் இருந்தவர்கள்தான் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ஒன்றிரண்டு பேர் வாய்விட்டே சொன்னார்கள்.

புலவர் கிருஷ்ணசாமிதான் முதலில் பேசினார்.

"வெண்பா இல்ல."

"இல்லீங்க ஐயா."

"ஆனா ஒண்ணு கேக்குறேன். எல்லா மாவையும் சேத்தியே, யாப்புல எங்களுக்குன்னு ஒரு மா இருக்குதே, தேமா, புளிமா. சீரோட பேரே மா. அத எப்படி விட்ட?"

சபை சிரித்தது. சுடர்விழியும் சிரித்துவிட்டாள். தமிழ்ப் பாடம் நடத்துகிறவள், வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிற தேமா, புளிமா. அதுவும் ஒரு மா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "அது மூளைக்கே வரலீங்க ஐயா" என்று ஒத்துக்கொண்டாள். "சேத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். புலவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவர் செம்மல் பக்கம் திரும்பி, வடிவம் வேண்டாம் என்கிறாயே, வடிவம் இருந்ததால்தானே இன்னொன்று உள்ளே வர இடம் கிடைத்தது என்று வம்புக்கு இழுத்தார். செம்மல், அது உங்கள் பழைய வடிவம் இல்லையே, அவங்களே கட்டியது என்றார். சண்டை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. ஆனால் இரண்டு பேரும் இப்போது மா இருக்க வேண்டும் என்ற பக்கத்தில் நின்றுதான் சண்டை போட்டார்கள்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து அங்கேயே எழுதினாள்.

எழுத்தை எண்ணாமல் நான் நடக்கும்போதும் காலடியில் இருப்பது
மா

இளஞ்செழியன் புத்தகத்தின் திருத்தப்படிகளைக் கையில் வைத்திருந்தார். வாசலில் கேட்ட கேள்விக்காக அவர் முகம் இன்னும் சரியாகவில்லை. அவளுடைய பக்கத்தை எடுத்து, வரிகளுக்கு நடுவே தன் கையாலேயே ஒவ்வொரு மாவாக எழுதிச் சேர்த்தார். தலைப்பில் 'கரை'யை அடித்து 'மா' என்று போட்டார். புதிய வரியையும் எழுதிவிட்டு எண்ணிப் பார்க்கச் சொன்னார். தலைப்பை விட்டு ஏழு இருந்தது. "எடுத்தது நான், வெக்கிறதும் நானா இருக்கட்டும்" என்றார்.

கீழே மருதன் என்று அச்சாகியிருந்தது. அதை மாற்ற வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. இந்தப் பெயருக்கு ஊரில் வாசகர்கள் இருக்கிறார்கள், மாற்றினால் புதிதாக வந்த ஆள் என்றுதான் நினைப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். படி சரியாக இருக்கிறது, அச்சுக்குப் போகலாம் என்பதற்கு அடையாளமாக அடியில் ஒரு கையெழுத்து மட்டும் கேட்டார்.

அவள் பேனாவை வாங்கினாள். மருதன் என்பதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அவசரப்படாமல், பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைப்போல ஒவ்வோர் எழுத்தாக, ப. சுடர்விழி என்று முழுவதும் எழுதினாள். 'ழி'யின் மேல்விலங்கு மேல் வரி வரைக்கும் போய்விட்டது. இளஞ்செழியன் தேதியும் போடச் சொன்னார். பெயருக்குக் கீழே அவள் அதையும் எழுதினாள்: 11 மார்ச் 2007, ஞாயிற்றுக்கிழமை.